கரண்ட் பில் கட்டாத வக்கீலும் தன் தகவலைத் திருப்பிக் கேட்ட மாணவனும்

(போன ஞாயிற்றுக்கிழமை நம்ம ஐ.டி. விங், மாணவரணி சேர்ந்து நடத்திய இணையவழி படிப்பு வட்டத்தில் பேசியது. வீடியோவில் சத்தம் சரியா இல்லைன்னு நிறைய பேர் கேட்டதால எழுத்து வடிவில் போடுகிறோம். கொஞ்சம் நீளம்தான். நேரம் கிடைக்கும்போது படிங்க.)



முதல்லயே ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நான் வக்கீல் இல்லை. எலக்ட்ரானிக்ஸ் எஞ்சினியரிங் படிச்சவன், அதுவும் ஆறு அரியரோட முடிச்சவன். ஐரோப்பிய சட்டத்துல மாஸ்டர்ஸ் படிக்கிறதைப் பத்திப் பேசுங்கன்னு என்னைக் கேட்டதுக்கு ஒரே காரணம், எங்க அக்கா அதைப் படிச்சாங்க. அக்காவுக்குக் கூட்டத்துல பேசறதெல்லாம் பிடிக்காது. அதனால நான் வந்திருக்கேன். தப்பு இருந்தா அது என்னோடது.

நாங்க தென்காசிப் பக்கம். அக்கா சட்டக் கல்லூரி முடிச்சுட்டு அஞ்சு வருஷம் ஒரு சீனியர்கிட்ட ஜூனியரா கோர்ட்டுக்குப் போனாங்க. ஒருநாள் ராத்திரி சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது, "நெதர்லாந்துல லெய்டன் யுனிவர்சிட்டியில ஐரோப்பிய சட்டம் எல்.எல்.எம். கிடைச்சிருக்கு, போகலாம்னு இருக்கேன்"னாங்க. அப்பா ஒண்ணும் சொல்லலை. நான்தான் வாயைத் திறந்தேன். "ஏன்க்கா, இத்தாலிக்காரன் சட்டத்தைப் படிச்சுட்டு வந்து இங்க பாகப்பிரிவினை கேஸுல என்ன வாதாடப் போற?"

"இத்தாலிக்காரன் சட்டம் வேற, ஐரோப்பிய சட்டம் வேற. அதுகூடத் தெரியாம பேசாதடா."

உண்மையிலேயே எனக்குத் தெரியாது. உங்கள்லயும் பல பேருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்போ 27 நாடுகள். ஒவ்வொரு நாட்டுக்கும் தனிச் சட்டம், தனி நீதிமன்றம் உண்டு. அதற்கு மேலே அந்த நாடுகள் ஒப்பந்தம் போட்டுத் தாங்களே விட்டுக்கொடுத்த விஷயங்களுக்கு மட்டும் ஒரு பொதுச் சட்டம். அதுதான் இந்தப் படிப்பு. அதற்கான நீதிமன்றம் லக்சம்பர்க்கில் இருக்கு. ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வேற அமைப்பு, அதில் 46 நாடுகள். இந்த ரெண்டையும் குழப்பாமல் இருந்தாலே பாதி பத்திரிகைச் செய்தி சரியாப் புரியும்.

அந்தச் சட்டத்துலயும் முக்கியமா ரெண்டு வகை. நம்ம ஐ.டி. ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, 'ரெகுலேஷன்' என்பது எல்லா போனுக்கும் ஒரே நாள்ல வந்து விழற அப்டேட். எந்த நாடும் தனியா எதுவும் எழுத வேண்டாம், அப்படியே அமலுக்கு வரும். 'டைரக்டிவ்' என்பது ரிசல்ட் என்ன வேணும்னு மட்டும் சொல்லிட்டு, கோடு நீயே எழுதிக்கோ, இந்தத் தேதிக்குள்ள முடின்னு கெடு வைக்கிறது. கெடு தாண்டினால் என்ன ஆகும், தப்பா எழுதினால் யார் நஷ்ட ஈடு தரணும்? இதுக்கே ஒரு செமஸ்டர்ல பாதி போயிடுமாம்.

அக்கா போன முதல் மாசம் வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினாங்க. ஒரு கரண்ட் பில் கதை.

1962-ல் இத்தாலி அரசு தனியார் மின்சாரக் கம்பெனிகளை அரசுடைமையாக்கி 'எனெல்' என்ற அமைப்பை உருவாக்கியது. மிலான் நகரத்து வக்கீல் ஃப்ளாமினியோ கோஸ்டா, அப்படிப் பறிபோன ஒரு கம்பெனியில் பங்கு வெச்சிருந்தவர். அவருக்குக் கோபம். வந்த பில்லைக் கட்ட மாட்டேன்னுட்டார். பில் எவ்வளவு தெரியுமா? 1,925 லிரா. அன்றைய கணக்குக்கு மூணு டாலர் சொச்சம். வழக்கு போனது சில்லறைத் தகராறுகளைப் பார்க்கிற மிலானின் கடைக்கோடி நீதிபதிகிட்ட. அந்த நீதிபதி என்ன செஞ்சார்னா, இதில் ஐரோப்பிய ஒப்பந்தம் சம்பந்தப்பட்டிருக்குன்னு நேரா லக்சம்பர்க்குக்குக் கேள்வி எழுதி அனுப்பிட்டார்.

இங்கதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம்ம ஊர்ல ஒரு முன்சீப், அரசியல் சட்டம் பத்தித் தனக்கு வந்த சந்தேகத்தை நேரா உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிக் கேட்க முடியுமா? அங்கே முடியும். எந்த நாட்டின் எந்தச் சின்ன கோர்ட்டும் கேட்கலாம். 1964 ஜூலை 15 அன்று லக்சம்பர்க் நீதிமன்றம் சொன்ன பதில் இதுதான்: ஒப்பந்தத்துக்கு விரோதமா ஒரு நாடு பின்னாடி சட்டம் போட்டாலும், ஐரோப்பிய சட்டம்தான் மேலே நிற்கும். ஒன்றியத்தின் ஒப்பந்தங்களில் இந்த வாக்கியம் எங்கேயும் எழுதப்படலை. நீதிமன்றம் ஒரு கரண்ட் பில்லை வெச்சு அதைச் சொன்னது.

எனெல் இன்னைக்கும் இருக்கு. கோஸ்டா நினைச்சது நடக்கலை. ஆனா ஐரோப்பாவுல சட்டம் படிக்கிற எல்லாப் பசங்களுக்கும் அவர் பேர் மனப்பாடம்.

இது மாதிரிதான் முழுப் பாடமும் இருக்கு. 1963-ல் தீர்ப்பு வந்த வழக்கில் ஒரு லாரி போக்குவரத்துக் கம்பெனி, இறக்குமதி பண்ணின ரசாயனத்துக்கு 3 சதவீதத்துக்குப் பதிலா 8 சதவீதம் வரி போட்டுட்டாங்கன்னு கேட்டது. 1976-ல் தீர்ப்பு வந்த வழக்கில் கேப்ரியேல் டெஃப்ரென் என்கிற பெல்ஜிய விமானப் பணிப்பெண், கூட வேலை செய்யற ஆணுக்குக் கொடுக்கிற சம்பளம் எனக்கு ஏன் இல்லைன்னு கேட்டாங்க. பெரிய தலைவர்கள், பெரிய போராட்டம் எதுவும் பாடப் புத்தகத்துல முதல்ல வர்றதில்லை. பில், வரி ரசீது, சம்பளச் சீட்டுதான் வருது.

இன்னொண்ணு, மொழிக்காரங்களான நமக்குப் பிடிக்கும். ஒன்றியத்துக்கு 24 அதிகார மொழிகள். அஞ்சு லட்சம் சொச்சம் பேர் மட்டும் வாழ்கிற மால்டாவின் மொழிக்கும் அதில் இடம் உண்டு. ஒரு சட்டத்தின் எல்லா மொழி வடிவமும் சம மதிப்பு உள்ளது. ஆங்கிலத்தில் ஒரு மாதிரி, ஃபின்னிஷில் வேற மாதிரி அர்த்தம் வந்தால் ஆங்கிலம்தான் சரின்னு யாரும் சொல்ல முடியாது, எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துதான் தீர்ப்பு. ஆனா நீதிபதிகள் அறைக்குள்ள உட்கார்ந்து விவாதிக்கிறது பிரெஞ்சுல மட்டும்! இதை அக்காகிட்ட நக்கலா கேட்டேன். "எல்லா வீட்லயும் சமையலறை ஒண்ணுதானேடா"ன்னாங்க. அந்தப் பதில் எனக்கு இன்னும் திருப்தி இல்லை.

சரி, மாணவன் கதைக்கு வர்றேன். நம்ம வயசுப் பையன்.

ஆஸ்திரியாவைச் சேர்ந்த மாக்ஸ் ஷ்ரெம்ஸ் 2011-ல் சட்டம் படிச்சுக்கிட்டு இருந்தார். ஒரு செமஸ்டருக்கு அமெரிக்காவின் கலிஃபோர்னியா போனார். ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை அமெரிக்கக் கம்பெனிக்காரங்க எவ்வளவு லேசா எடுத்துக்கிறாங்கன்னு அங்கே வகுப்பில் பார்த்தார். ஊருக்குத் திரும்பி ஃபேஸ்புக்குக்கு எழுதினார்: என்னைப் பத்தி என்னென்ன வெச்சிருக்கீங்க, கொடுங்க. ஒரு சி.டி. வந்தது. அதுல 1,200 பக்கத்துக்கு மேல. அவர் அழிச்சுட்டதா நினைச்ச மெசேஜ்களும் அதில் இருந்தன.

ஃபேஸ்புக்கின் ஐரோப்பிய அலுவலகம் டப்ளினில் இருந்ததால், அயர்லாந்தின் தகவல் பாதுகாப்பு ஆணையரிடம் புகார் கொடுத்தார். 2013-ல் எட்வர்ட் ஸ்னோடன் அமெரிக்க உளவுத்துறையின் கண்காணிப்பை வெளியில் கொண்டுவந்த பிறகு இன்னொரு புகார்: என் தகவல் அமெரிக்காவுக்குப் போனால் அங்கே அதற்குப் பாதுகாப்பு இல்லை. ஆணையர் விசாரிக்க மறுத்தார். ஷ்ரெம்ஸ் ஐரிஷ் உயர் நீதிமன்றம் போனார். அந்த நீதிமன்றம் கோஸ்டா வழக்கில் நடந்த மாதிரியே லக்சம்பர்க்குக்குக் கேள்வி அனுப்பியது. 2015 அக்டோபர் 6 அன்று, ஆயிரக்கணக்கான அமெரிக்கக் கம்பெனிகள் நம்பியிருந்த 'சேஃப் ஹார்பர்' ஏற்பாடே செல்லாதுன்னு தீர்ப்பு வந்தது. அதற்குப் பதிலா கொண்டுவந்த அடுத்த ஏற்பாட்டையும் 2020 ஜூலை 16 அன்று அதே நீதிமன்றம் ரத்து செய்தது. அதுவும் ஷ்ரெம்ஸ் வழக்குதான்.

இதைக் கேட்டுட்டு நான் அக்காகிட்ட பெருமையா சொன்னேன், "நாங்களும் டேட்டாவுலதான் வேலை பார்க்கிறோம்"னு. என்ன டேட்டான்னு கேட்டாங்க. எங்க பகுதிக்கு நான் போட்டு வெச்சிருந்த எக்செல் ஷீட்டை வீடியோ காலில் காட்டினேன். பேர், தெரு, போன் நம்பர், பக்கத்துல ஒரு காலம்: நம்ம ஆள், அந்தப் பக்கம், ஊசலாட்டம். வீடு வீடாப் போன பசங்க சொன்னதை வெச்சு நான் நிரப்பினது. மூணு கலர் வேற அடிச்சிருந்தேன்.

அக்கா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "இதை அவங்கள்ல யார்கிட்டயாவது கேட்டுட்டுப் போட்டியா?"ன்னாங்க.

ஜி.டி.பி.ஆர். என்கிற ஐரோப்பியத் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25 முதல் அமலில் இருக்கு. அதில் 9-ஆவது பிரிவு, சில வகைத் தகவல்களைத் தனியாப் பிரிச்சு வெச்சு, தொடவே கூடாதுன்னு ஆரம்பிச்சு, அப்புறம்தான் விதிவிலக்கு சொல்லுது. உடல்நிலை, மதம், பாலியல் நாட்டம், இனம். இதோட அரசியல் கருத்தும் அந்தப் பட்டியல்ல இருக்கு. கட்சிகளுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு: தன் உறுப்பினர், முன்னாள் உறுப்பினர், தன்னோட தொடர்ந்து தொடர்பில் இருக்கிறவங்க, இவங்க விவரத்தை வெச்சுக்கலாம், சம்மதம் இல்லாம வெளியே கொடுக்கக் கூடாது. ஆனா ஒருத்தர் வீட்டு வாசல்ல நின்னு டீ குடிச்சுட்டு வந்து, 'இவர் அந்தப் பக்கம்'னு நானா எழுதி வெச்சுக்கிறதுக்கு அதில் இடம் இல்லை.

நம்ம நாட்டுலயும் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னாங்க. 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனா அதில் ஐரோப்பாவில் இருக்கிற மாதிரி அரசியல் கருத்து, மதம் போன்றவற்றுக்குத் தனிப் பாதுகாப்பு வகை கிடையாது. 'அப்போ நமக்குப் பிரச்சினை இல்லையே'ன்னு அன்னைக்கு நான் சொன்னேன். அக்கா, "அந்த ஷீட் நாளைக்கு எதிர்க்கட்சி ஆள் கையில கிடைச்சா, உன் கலரைப் பார்த்துட்டு எந்தக் கதவைத் தட்டுவான்?"னு கேட்டுட்டு போனை வெச்சுட்டாங்க.

அந்தக் காலத்தை அழிச்சுட்டேன். பகுதியில ரெண்டு பேருக்கு என் மேல வருத்தம். ஒரு வருஷ உழைப்பு, ஒரு கிளிக்ல போச்சுன்னாங்க. எனக்கும் வலிச்சது. இதை இந்தப் பக்கத்துலயே எழுதலாமான்னு யோசிச்சுத்தான் எழுதறேன்.

இப்போ சொல்லப்போறதைக் கூட்டத்துல சொல்லும்போது எனக்குக் குரல் தடுமாறிடுச்சு. எழுதறது கொஞ்சம் சுலபம்.

ரெண்டாவது செமஸ்டர்ல அகதிகள் சட்டம் ஒரு பாடம். படிக்க வேண்டிய வழக்குப் பட்டியல்ல எம்.பி. என்கிற ரெண்டு எழுத்து மட்டும் இருக்கிற ஒரு வழக்கு. அது ஒருத்தரோட பெயர்ச் சுருக்கம். அக்கா திறந்து பார்த்தா, இலங்கைக்காரர். 2005-ல் மாணவரா பிரிட்டன் போனவர். விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தவர்னு இலங்கைப் பாதுகாப்புப் படைகள் பிடிச்சு வெச்சு சித்திரவதை செஞ்சதாச் சொல்லி 2009 ஜனவரியில் அடைக்கலம் கேட்டார். பிரிட்டன் மறுத்தது. அவர் உடம்புல தழும்பு இருந்தது, மனசுல அதைவிடப் பெரிசா இருந்தது. மருத்துவ அறிக்கைகள் அதை உறுதி செஞ்சன. இவரைத் திருப்பி அனுப்ப முடியாதுன்னு தீர்ப்பாயமே ஒத்துக்கிட்டது. ஆனா, 'மறுபடி சித்திரவதை நடக்கும் ஆபத்து இப்போ இல்லை, அதனால ஐரோப்பிய சட்டப்படி பாதுகாப்பு அந்தஸ்து தர முடியாது'ன்னுட்டாங்க. அனுப்பவும் மாட்டாங்க, அந்தஸ்தும் தர மாட்டாங்க. நடுவுல ஒரு மனுஷன்.

பிரிட்டன் உச்ச நீதிமன்றம் லக்சம்பர்க்கிடம் கேட்டது. 2018 ஏப்ரல் 24 அன்று பதில் வந்தது. முன்னாடி சித்திரவதைக்கு ஆளான ஒருத்தர், அதன் உடல், மன பாதிப்புகளுக்கான சிகிச்சை சொந்த நாட்டில் வேண்டுமென்றே மறுக்கப்படும் உண்மையான ஆபத்தில் இருந்தால், மறுபடி அடி விழும் ஆபத்து இல்லாவிட்டாலும் பாதுகாப்புக்குத் தகுதியானவர். அந்த ஆபத்து இருக்கான்னு பார்க்க வேண்டியது அந்த நாட்டு நீதிமன்றம்.

வகுப்பில் முப்பது பேர், பல நாட்டுப் பசங்க. அவங்களுக்கு அது ஒரு டைரக்டிவின் 2-ஆவது, 15-ஆவது பிரிவு பத்தின பிரச்சினை. அக்காவுக்கு அந்தப் பத்திகளில் வர்ற ஊர், சண்டை, வருஷம் எல்லாம் தெரிஞ்சது. "வகுப்புல கை தூக்கவே முடியலைடா"ன்னாங்க. அப்புறம் அதையே ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பா எடுத்தாங்க. 'வேண்டுமென்றே' என்கிற ஒரு சொல்லைத்தான் கேள்வியா வெச்சாங்க: ஒரு அரசாங்கம் சிகிச்சை தராம இருக்கிறதுக்கும், வேண்டுமென்றே மறுக்கிறதுக்கும் வித்தியாசத்தை யார் நிரூபிக்கணும்? பாதிக்கப்பட்டவரா?

சரி, பணம். நிறைய பேர் இதுக்காகத்தான் வந்திருப்பீங்க.

இது பெரும்பாலும் ஒரு வருஷப் படிப்பு, 60 கிரெடிட். நெதர்லாந்தில் ஒரு கிரெடிட்டுக்கு 28 மணி நேர உழைப்புன்னு கணக்கு. பெருக்கிப் பார்த்தா 1,680 மணி நேரம். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு அரசு நிர்ணயிச்ச கட்டணம். நமக்கு அதைவிடப் பல மடங்கு. படிக்கும்போது வாரத்துக்கு 16 மணி நேரம்தான் வேலை செய்ய முடியும், அதுவும் முதலாளி அனுமதி வாங்கினால்தான். பகுதி நேர வேலையில ஃபீஸ் கட்டிடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

எங்க வீட்டுலயும் ஒரு ஏஜென்சிக்காரர் வந்து உட்கார்ந்தார். "இதை முடிச்சா அங்கேயே வக்கீலா ப்ராக்டிஸ் பண்ணலாம் சார்"னு அப்பாகிட்ட சொன்னார். சுத்தப் பொய். எல்.எல்.எம். என்பது கல்விப் பட்டம், வக்கீல் உரிமம் இல்லை. அந்தந்த நாட்டு பார் கவுன்சில் விதிப்படி, பெரும்பாலும் அந்த நாட்டு மொழியில தேர்ச்சியோட, தனியாத் தகுதி பெறணும். ஒன்றியத்தின் நிரந்தர அதிகாரி வேலைகளுக்குப் பொதுவா ஐரோப்பியக் குடியுரிமை வேணும். இங்க திரும்பி வந்து சட்டக் கல்லூரியில பாடம் எடுக்கணும்னு ஆசை இருக்கிறவங்க, ஒரு வருஷ வெளிநாட்டு எல்.எல்.எம். அதுக்குச் செல்லுமான்னு கட்டணம் கட்டறதுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்கிடுங்க. என்னை மாதிரி எஞ்சினியரிங் முடிச்சவங்க நேரா இதுல சேர முடியாது. முதல்ல மூணு வருஷச் சட்டப் படிப்பு. பட்டியலின மாணவர்கள், நிலமில்லா விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், பாரம்பரியக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகள் ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைக்கு முயற்சி பண்ணுங்க. வருமான வரம்பு உண்டு, விதிகளை ஒரு வரி விடாம படிங்க.

அப்போ எதுக்குத்தான் போகணும்? வேலை இல்லாமல் இல்லை. ஐரோப்பிய வாடிக்கையாளர் இருக்கிற சென்னை, பெங்களூர் சாஃப்ட்வேர் கம்பெனி எல்லாத்துக்கும் ஜி.டி.பி.ஆர். தெரிஞ்ச ஆள் வேணும். கட்டாய உழைப்பில் செய்த பொருளை ஐரோப்பியச் சந்தையில் விற்கக் கூடாதுன்னு 2024-ல் ஒரு ரெகுலேஷன் வந்திருக்கு, 2027 டிசம்பர் 14 முதல் அமல். திருப்பூர் பனியனும் ஆம்பூர் தோலும் போய்ச் சேர்ற சந்தை அது. அந்தச் சட்டத்தை வெள்ளைக்காரக் கன்சல்டன்ட் வந்து நம்ம முதலாளிக்கு விளக்குவார். மில்லுல விடுதியில தங்கி வேலை பார்க்கிற பொண்ணுக்கு அதுல என்ன உரிமை இருக்குன்னு தமிழ்ல யார் விளக்குவாங்க? அக்கா இப்போ அந்த வேலையிலதான் இருக்காங்க. சம்பளம் பெரிசா இல்லை. கல்விக் கடன் இன்னும் நாலு வருஷம் பாக்கி இருக்கு. அப்பா மாசாமாசம் கேட்கிறார். அக்கா மாசாமாசம் கட்டறாங்க.

கேள்வி நேரத்துல ஒரு தங்கச்சி கேட்டாங்க, பிரெஞ்சு தெரியணுமான்னு. லெய்டன் மாதிரி இடங்களில் ஆங்கிலம் போதும். பெல்ஜியத்தின் புரூஜ் நகரத்துல 1949-ல் ஆரம்பிச்ச 'காலேஜ் ஆஃப் யூரோப்' மாதிரி இடத்துக்குப் போகணும்னா பிரெஞ்சும் வேணும். இப்பவே ஆரம்பிச்சிடுங்க.

இந்த வருஷம் விண்ணப்பிக்கிற நம்ம பிள்ளைங்க யாராவது இருந்தா, விண்ணப்பக் கடிதத்தை இந்தப் பக்கத்தின் இன்பாக்ஸுக்கு அனுப்புங்க, அக்கா படிச்சுத் திருத்தித் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. ஒரே நிபந்தனை. 'சிறு வயது முதலே எனக்குச் சட்டத்தின் மீது ஆர்வம்'னு ஆரம்பிக்கிற கடிதத்தைப் படிக்க மாட்டாங்க. உங்களுக்கு என்ன கேள்வி இருக்கோ, அது உங்க வீட்டு கரண்ட் பில் பத்தினதா இருந்தாலும் சரி, அதை முதல் வரியில எழுதி அனுப்புங்க. போன் நம்பர் வேண்டாம்.